நீரிழிவு இழிவன்று, அதனை அறியாமையே இழிவு

தமிழ்நாட்டு ஊர்த் திண்ணையிலும் உறவினர் கூட்டத்திலும் ஒரு நோயின் பெயரை மட்டும் மக்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசுகின்றனர். காய்ச்சல் என்பர், ஈளை என்பர், மூட்டுவலி என்று நாள் முழுதும் பேசுவர். நீரிழிவு என்று மட்டும் சொல்லார். குரலைத் தாழ்த்திச் 'சுகர் இருக்கிறது' என்று முடித்துக்கொள்வர். பெண் கேட்டு வருவோர் செவியில் விழக்கூடாது என்று மாத்திரைப் பொட்டலத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்து வைக்கும் வீடுகளும் உண்டு. இக் கூச்சத்திற்கு ஒரு கரணியம், அப் பெயரின் ஈற்றில் நிற்கும் 'இழிவு' என்னும் சொல்லைப் பிறழ உணர்ந்ததேயாகும்.

இழிதல் என்பதற்கு இறங்குதல், ஒழுகுதல் என்பனவே முதற்பொருள். மலையினின்று அருவி இழிகின்றது. தேரினின்று மன்னன் இழிந்தான் என்பன தமிழ் கற்றார் அறிந்த ஆட்சிகள். தாழ்வு, மானக்கேடு என்னும் பொருள்கள் அதன் வழியே பின்னர்க் கிளைத்தவை. உடலின் நீர் தடையின்றி இறங்கி ஒழுகிப் போகும் நோய் ஆதலின் அது நீரிழிவு ஆயிற்று. ஏறத்தாழ 1800 ஆண்டுகட்கு முன் அரெட்டேயசு என்னும் கிரேக்க மருத்துவர் ஆண்ட, இன்று உலகெங்கும் வழங்கும் 'டயாபெட்டீசு' என்னும் பெயர்க்கும் 'ஊடே கடந்து ஓடுதல்' என்பதே பொருள். கடல்கடந்த இரு மொழியினர் ஒரே நோயை ஒரே கண்கொண்டு கண்டு ஒரே கருத்துடைய பெயரை இட்டிருக்கின்றனர். அப் பெயரில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. நோயாளியின் ஒழுக்கத்தைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பெயர் பிறழ்ந்தால் பொருள் பிறழும்

'சுகர்' என்றும் 'சருக்கரை நோய்' என்றும் பெயர் மாறியதால் விளைந்த கேடு கூச்சத்தினும் பெரிது. சருக்கரையால் வந்த நோய், ஆகவே சருக்கரையை விட்டால் நோய் போய்விடும் என்று மக்கள் கணக்கிட்டுக் கொண்டனர். குளம்பியில் சருக்கரையை நிறுத்திவிட்டேன் என்று பெருமை பேசும் ஒருவர், நண்பகலில் குவித்த சோற்றை மூன்று முறை வாங்கி உண்பதைக் காணாத வீடு இல்லை. வெண்சருக்கரை நஞ்சு என்று விலக்கிவிட்டு, கருப்பட்டி நம் நாட்டது, தேன் இயற்கையானது என்று அவற்றை அளவின்றிக் கொள்வோரும் உண்டு. தமிழ்ப்பற்றும் இயற்கைப் பற்றும் உடையோரிடத்தே இப் பிழை மிகுதி என்பதை ஒளிக்காமல் சொல்லியே ஆகவேண்டும். பனையின் மேல் பற்று வைப்பது நன்று. ஆயினும் கருப்பட்டியும் செரித்தபின் குருதியில் சருக்கரையாகவே கலக்கின்றது. குருதிக்கு நாட்டுப்பற்று இல்லை. தினையும் வரகும் சாமையும் நார்ப்பொருள் மிக்கவை. தீட்டிய வெள்ளரிசியினும் மேலானவை. அவையும் மாவுப்பொருள் உடையவையே ஆதலின் அளவுக்கு உட்பட்டவை.

எனவே பெயரை மட்டும் திருத்தினால் போதாது. உடலினுள் நடப்பது இன்னது என்று தமிழர் ஒவ்வொருவரும் தம் மொழியில் உணர்தல் வேண்டும்.

ஒரு கரண்டிச் சருக்கரை

நலமுள்ள ஓர் ஆளின் உடலில் ஏறத்தாழ 5 இலிட்டர் குருதி ஓடுகின்றது. வெறும் வயிற்றில் அதன் ஒவ்வொரு நூறு மில்லி இலிட்டரிலும் 100 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சருக்கரை இருத்தல் வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் உடற்குருதி முழுவதிலும் உள்ள சருக்கரை 5 கிராம் அளவே, அஃதாவது ஒரு சிறு தேநீர்க் கரண்டி அளவே ஆகின்றது. இனி, 250 கிராம் சோற்றில் ஏறத்தாழ 70 கிராம் மாவுப்பொருள் உள்ளது. அது செரித்துச் சருக்கரையாகிக் குருதியிற் சேரும்போது, அங்கு ஏற்கெனவே உள்ளதைப்போற் பதினான்கு மடங்கு உள்ளே நுழைகின்றது. நுழைந்தும், நலமுடையார்க்கு இரண்டு மணி நேரத்தில் குருதிச் சருக்கரை மீண்டும் 140க்குக் கீழே வந்துவிடுகின்றது. இவ் வியப்பைச் செய்வது வயிற்றின் பின்புறம் கிடக்கும் கணையம்.

கணையத்தினுள் தீவுகளைப்போல் சிதறிக் கிடக்கும் நுண்ணிய உயிரணுக் கூட்டங்கள் இன்சுலின் என்னும் நீரைச் சுரக்கின்றன. தசையின் உயிரணுவையும் கொழுப்பின் உயிரணுவையும் பூட்டிய வீடுகள் என்று கொண்டால் இன்சுலினே அவற்றின் திறவுகோல். கதவு திறந்ததும் சருக்கரை உள்ளே சென்று ஆற்றலாகின்றது. மிஞ்சியது கல்லீரலில் சேமித்து வைக்கப்படுகின்றது. இரவில் மாந்தன் உண்ணாதிருக்கும் போது கல்லீரல் அச் சேமிப்பினின்று சிறிது சிறிதாக எடுத்து மூளைக்கு ஊட்டுகின்றது. அளவறிந்து ஈயும் குடும்பத் தலைவியைப்போல் இன்சுலின் கல்லீரலின் கையையும் அடக்கி ஆள்கின்றது.

இவ் ஒழுங்கு இருவகையில் கெடுகின்றது. முதல்வகையில், உடலின் காப்புப் படையே தவறிக் கணையத் தீவுகளை அழித்துவிடுகின்றது. திறவுகோலே இல்லாமற் போகின்றது. இது பெரும்பாலும் சிறுவர்க்கும் இளையோர்க்கும் வருவது. இவர்கட்கு இன்சுலின் ஊசியே உயிர். இரண்டாம் வகையில் திறவுகோல் இருக்கும். பூட்டு துருப்பிடித்துக் கிடக்கும். உடலின் நடுப்பகுதியிற் சேரும் கொழுப்பும், அசையா வாழ்வும், மரபும் அத் துருவுக்குக் கரணியங்கள். கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகொடுத்து, நாளடைவில் தானும் ஓய்கின்றது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இவ் இரண்டாம் வகையினரே. கருவுற்ற காலத்தில் மட்டும் தோன்றும் வகையும் உண்டு. மகப்பேற்றுக்குப் பின் அது மறைந்தாலும் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதியாதலால், மறைந்தது என்று மறந்துவிடலாகாது.

உயிரணுவினுள் புகமுடியாத சருக்கரை குருதியிலேயே தேங்குகின்றது. ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டியதும் சிறுநீரகம் அதனைத் தடுக்கவியலாமற் சிறுநீரில் விட்டுவிடுகின்றது. சருக்கரை தனியே போகாது. தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர் கழிதலும், அதனால் அடங்காத நீர்வேட்கையும் இதன் விளைவே. நீர் இழிகின்றது என்று பெயரிட்டவன் கண்டது இதனைத்தான். மிகுந்த உணவு குருதியில் இருக்க, உயிரணுக்களோ பட்டினி கிடக்கின்றன. நெற்களஞ்சியத்தின் வாயிலிலே பசியால் வாடும் உழவனின் நிலை அது. ஆதலின் பசி மிகுகின்றது. உண்டும் உடல் மெலிகின்றது.

வலியில்லாப் பகை

இத்துணை அறிகுறிகளும் எல்லார்க்கும் தோன்றுவதில்லை. 180ஐத் தொடாமல் 140, 150 என்று பல்லாண்டு நிற்கும் நோய் நீர்வேட்கையும் தாராது, மெலிவும் தாராது. வலிக்கவில்லை, ஆகவே நோயில்லை என்று இருப்போரைத்தான் அது முழுதாக உண்கின்றது.

தேங்கிய சருக்கரை உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பினது. குருதியின் சிவப்பணுவில் அது ஒட்டிய அளவைக் கொண்டே மருத்துவர் மூன்று திங்களின் நிலையை ஒரே ஆய்வில் அறிகின்றனர். சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள் ஆதலின் அது பொய் சொல்லாத கணக்கேடு ஆகின்றது. ஆய்வு நாளுக்கு முன் இரண்டு நாள் மட்டும் பட்டினி கிடந்து மருத்துவரை ஏமாற்ற நினைப்போர் அவ் ஏட்டை ஏமாற்ற முடியாது. சிவப்பணுவில் ஒட்டுவதுபோலவே குருதிக் குழாய்ச் சுவர்களிலும் சருக்கரை ஒட்டுகின்றது. நுண்ணிய குழாய்கள் முதலில் கெடுகின்றன.

கண்ணின் விழித்திரையில் உள்ள மயிரிழை போன்ற குழாய்கள் வீங்கிக் கசிகின்றன. தொடக்கத்தில் பார்வை சிறிதும் குறைவதில்லை. குறைந்தது என்று உணரும் நாளில் கேடு முற்றியிருக்கும். சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் பத்து இலக்கம் அளவிலான நுண்வடிகட்டிகள் உள்ளன. அவை ஓட்டையான சல்லடைபோற் புரதத்தைக் கசியவிடுகின்றன. பிறகு ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன. நரம்புகளுள் மிக நீண்டவை காலடிக்குச் செல்பவை. அவையே முதலில் உணர்விழக்கின்றன. முதலில் எரிச்சல், பின்பு மரமரப்பு, அதன்பின் ஒன்றுமில்லை.

அந்த 'ஒன்றுமில்லை' என்பதே கொடிது. வெறுங்காலோடு களத்துமேட்டில் நடந்தவர்க்கு முள் தைத்தது தெரியாது. செருப்பினுள் கிடந்த சிறுகல் நாள் முழுதும் உறுத்தியதும் தெரியாது. மூன்றாம் நாள் மனைவி காலுறையிலோ பாயிலோ ஈரம் கண்டு கேட்கும்போதுதான் புண் தெரியவரும். குருதியோட்டம் குறைந்த காலில் புண் ஆறாது. சருக்கரை மிக்க குருதியில் நோய்க்கிருமி செழிக்கும். வலி என்பது உடல் தன் தலைவனுக்கு விடும் ஓலை. ஓலை கொண்டுவரும் தூதன் இறந்துபட்ட நாட்டில் பகைவன் கோட்டைக்குள் புகுந்தபின்னரே மன்னன் அறிகின்றான். பெருங்குழாய்களும் கெடுவதால் நெஞ்சாங்குலை அடைப்பும் மூளைத் தாக்கும் இந் நோயினரிடத்தே மிகுகின்றன. நெஞ்சடைப்பும் சிலர்க்கு வலியின்றியே வந்து செல்வதுண்டு.

உயிர் கொடுத்த ஆண்டு

இந் நோயைப் பற்றிய அறிவு எளிதில் வந்ததன்று. 1869இல் செருமானிய மாணவர் பவுல் இலாங்கர்கான்சு கணையத்தின் தீவுகளை முதன்முதற் கண்டார். அவை எதற்கு என்று அவரால் சொல்ல இயலவில்லை. 1889இல் மின்கோவுச்சுகி, மேரிங்கு என்னும் இருவர் நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தனர். நாய்க்கு நீரிழிவு வந்தது. 1921இல் கனடா நாட்டுத் தொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெசுட்டும் கணையத்தினின்று அந் நீரைப் பிரித்தெடுத்தனர். மக்கிளியோடு ஆய்வகம் தந்து வழிகாட்டினார். காலிப்பு அந் நீரைத் தூய்மை செய்தார். 1922 சனவரி 11இல் சாவின் வாயிலில் கிடந்த இலியோனார்டு தாம்சன் என்னும் 14 அகவைச் சிறுவனுக்கு முதல் ஊசி இடப்பட்டது. அது போதிய பயன் தரவில்லை. தூய்மை செய்த மருந்தைப் பன்னிரண்டு நாள் கழித்து இட்டபோது அவன் உயிர் மீண்டான். அதற்கு முன் முதல்வகை நீரிழிவு கண்ட பிள்ளை, எலும்புந் தோலுமாகி மடிவதைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருப்பதன்றி வேறு வழியில்லை. அம் மருந்தின் காப்புரிமையைக் கண்டறிந்தோர் ஆளுக்கு ஒரு தாலர் பெற்றுக்கொண்டு தொராண்டோப் பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்துவிட்டனர்.

இவ்வளவு அரிதிற் பெற்ற மருந்தைத்தான் இன்று, 'ஊசி போட்டால் பழகிவிடும்' என்றும், 'ஊசி என்றால் கடைசிக் கட்டம்' என்றும் சொல்லி மக்கள் தள்ளுகின்றனர். இன்சுலின் கள்ளைப்போற் பழகும் பொருளன்று. உடல் தானே சுரந்துகொண்டிருந்த நீர். ஒரு வேளைக் கசாயத்தில் நீரிழிவை வேரோடு அறுப்பதாகச் சுவரொட்டி ஒட்டுவோரை நம்பி, முதல்வகை நோயுள்ள பிள்ளைக்கு ஊசியை நிறுத்தினால், சில நாளிலேயே குருதி புளித்து, மூச்சில் அழுகிய கனி மணம் வீசி, மயக்கமும் சாவும் நேரும். தமிழ் மருத்துவத்தின் பெயரால் அதனைச் செய்வோர் தமிழ் மருத்துவத்திற்கும் பகைவரே.

கையில் உள்ள காப்பு

அச்சுறுத்துவது இக் கட்டுரையின் நோக்கமன்று. இந் நோய் ஆளத்தக்கது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல்வகை நோயினர் 1441 பேரைக்கொண்டு 1983 முதல் 1993 வரை ஓர் ஆய்வு நடந்தது. சருக்கரையை இறுக்கமாகக் கட்டுக்குள் வைத்தோர்க்குக் கண்நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. நரம்புக்கேடு 60 விழுக்காடு குறைந்தது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைக்கொண்டு சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினர் நோயினராயினர். நடையும் உணவொழுங்கும் மேற்கொண்டோரில் 39 விழுக்காட்டினரே ஆயினர். மருந்துக் கடைக்குப் போகாமலே பெற்ற காப்பு அது.

இச் செய்தி யார்க்குத் தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நாட்டில் நீரிழிவினர் 10 கோடியே 10 இலக்கம். அதன் வாயிலில் நிற்போர் 13 கோடியே 60 இலக்கம். தமிழ் வழங்கும் புதுச்சேரியில் மட்டும் நூற்றுக்கு 26 பேர்க்கு மேல் இந் நோயினர். இனி இது பணக்காரர் நோய் என்று யாரும் சொல்லவியலாது.

ஆதலின் எண்களை ஒவ்வொருவரும் திருமண நாளைப்போல் நினைவில் வைத்தல் வேண்டும். வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் நலம். 100 முதல் 125 வரை வாயில். 126க்கு மேல் நோய். மூன்று திங்கட் கணக்கில் 5.7 விழுக்காட்டுக்குக் கீழ் நலம், 6.5க்கு மேல் நோய். முப்பது அகவை கடந்தோர், அறிகுறி இல்லையாயினும், ஆய்ந்து பார்த்தல் நன்று. நோயுள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையையும் சிறுநீரின் புரதத்தையும் பார்த்தல் வேண்டும். உறங்குமுன் அடிக்கால்களை விளக்கு வெளிச்சத்திற் பார்த்தலை வழக்கமாக்குதல் வேண்டும். குனிய இயலாதோர் மகளையோ மருமகளையோ பார்க்கச் சொல்லலாம், அல்லது கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். குருதியழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்துப் புகையை விட்டொழித்தல் வேண்டும். மருந்து கொள்வோர்க்கு வியர்வையும் நடுக்கமும் திடீர்ப் பசியும் தோன்றினால், அது சருக்கரை குறைந்ததன் அடையாளம். அந் நொடியில் மூன்று தேநீர்க் கரண்டிச் சருக்கரையை நீரிற் கரைத்துக் குடித்தல் உயிர் காக்கும். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதனையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

தட்டில் சோறு காற்பங்கு, பருப்போ பயறோ முட்டையோ மீனோ காற்பங்கு, காய்கறியும் கீரையும் அரைப்பங்கு என்று வைத்தால் அளவுகோல் வேறு வேண்டா. உண்டபின் சிறிது நடத்தல் பூட்டின் துருவைத் தேய்க்கும் அரம். அசையும் தசை இன்சுலினை மிகுதியாக எதிர்பாராமலே சருக்கரையை உள்வாங்கிக் கொள்கின்றது என்பது அறிவியல் கண்ட உண்மை.

தாய்மொழியே முதல் மருந்து

இறுதியாக ஒன்று. மேலே சொன்னவற்றுள் எழுத்தறிந்த எவர்க்கும் விளங்காதது ஒன்றுமில்லை. ஆயினும் இவற்றை அறியாமல் கால் இழந்தோர் எத்துணையர்! அவர்கள் கையில் ஆய்வுத்தாள் இல்லாமல் இல்லை. கட்டுக் கட்டாக வைத்திருக்கின்றனர். அத்தாளில் உள்ள ஒரு சொல்லும் அவர்கள் மொழியில் இல்லை. குருதியைக் கொடுத்தவனுக்கு அக் குருதியைப் பற்றிய செய்தி அயல்மொழியில் தரப்படுகின்றது. 'ஏதோ கூடுதலாம்' என்று அதனை மடித்துப் பைக்குள் வைக்கின்றான். சிறுநீரகம் கசியத் தொடங்கியது என்று தமிழில் ஒரு வரி அத்தாளில் இருந்திருப்பின், அவன் அன்றே விழித்துக்கொண்டிருப்பான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5இல், வீடு தேடி மருந்து தரும் திட்டம் தொடங்கப்பட்டது. மருந்து வீட்டு வாயிலுக்கு வர இயலுமெனில், அறிவு ஆய்வுத்தாளில் வர இயலாதா? 'வெறும் வயிற்றுச் சருக்கரை', 'மூன்று திங்கட் சருக்கரைக் கணக்கு', 'சிறுநீர்ப் புரதம்' என்று அச்சிட ஆகும் மை மிகச் சிறிது. அரசு மருத்துவமனையும் தனியார் ஆய்வகமும் இதனைச் செய்தல் வேண்டும். செய்யும்வரை, தமிழ்ப்பற்றாளர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஆய்வுத்தாளைக் கொண்டு திகைப்போர்க்கு அதனைப் படித்துப் பொருள் சொல்லும் கடமையை மேற்கொள்வாராக.

வள்ளுவர் மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தின் பத்துக் குறள்களில் பெரும்பகுதி, மருந்தைப் பற்றிப் பேசாமல் உண்ணும் அளவைப் பற்றியே பேசுவது எண்ணத்தக்கது. அவ் அறிவைப் பெற்ற இனம், தன் நோயின் பெயரைச் சொல்ல நாணியும், தன் குருதியின் கணக்கைப் படிக்க இயலாமலும் மடிதல் தகுமா? நீரிழிவு என்று வாய்விட்டுச் சொல்லுக. உற்றார்க்கு உரைக்க. மறைத்த மாத்திரைப் பொட்டலத்தைப் பானைக்குப் பின்னிருந்து எடுத்து அனைவரும் காணும் மாடத்தில் வைக்க. அதனைக் கண்ட வீட்டார் வேளை தவறாமல் நினைவூட்டுவர். கண்ட அண்டை வீட்டார் தம் குருதியையும் ஆய்ந்து பார்ப்பர்.